மரபணுக்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தைப் படிப்பது எப்படி: உருளைக்கிழங்குப் பின்கருகல் கிருமியை வைத்து ஒரு தொடக்கப் பாடம்

ஒரு நோய்க்கிருமியின் மரபுத்தொகுதியை, அதாவது அதன் முழு டிஎன்ஏவை, முதன்முதலாகக் கணினியில் திறக்கிறவர்கள் நேராக மரபணுப் பட்டியலுக்குத்தான் போவார்கள். எத்தனை மரபணு, என்ன பெயர், எது நோயை உண்டாக்குகிறது? இடையில் கிடக்கும் மீதி டிஎன்ஏவைக் குப்பை என்று மறைத்துவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நோய் உண்டாக்கும் மரபணுக்களில் பாதியை அந்தக் குப்பையோடு சேர்த்து வீசியிருக்கிறேன் என்று தெரியவே சில மாதங்கள் பிடித்தன. அந்தக் கதை பின்னால் வருகிறது.

பழகுவதற்கு ஒரு கிருமி வேண்டும். என் தேர்வு ஃபைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ். உருளைக்கிழங்கிலும் தக்காளியிலும் பின்கருகல் நோயைக் கொண்டுவருவது இதுதான். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களை அழுக வைத்தது. அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்தார்கள். அதே அளவு மக்கள் நாட்டை விட்டு வெளியேறினார்கள். நம் பக்கம் 1870களில் நீலகிரியில் தலைகாட்டியது. 2009, 2010 வாக்கில் 13_ஏ2 என்ற மூர்க்கமான வழித்தோன்றல் தென்னிந்தியத் தக்காளி வயல்களைப் பிடித்தது. இதன் மரபுத்தொகுதி 2009இல் வெளியானது, இலவசமாகக் கிடைக்கிறது, பிறகு நிறைய ஆராயப்பட்டிருக்கிறது. நீங்கள் போடும் கணக்கு சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான கிருமி கிடைப்பது கடினம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பூஞ்சை கிடையாது. பார்க்க இழை இழையாகப் பூஞ்சை போலத்தான் இருக்கும். ஆனால் ஊமைசீட்ஸ் என்ற தனிக் கூட்டத்தைச் சேர்ந்தது. பழுப்புப் பாசிகளும் டையாட்டம்களும்தான் இதற்கு நெருங்கிய சொந்தம். பூஞ்சைக்கென்று எழுதப்பட்ட மென்பொருள் அமைப்புகளை அப்படியே போட்டால் மரபணுக் கணிப்பு கோணலாகப் போகும் என்பதால் சொல்கிறேன்.

படி 1: அளவுகளைக் காகிதத்தில் எழுதுங்கள்

கணினியைத் தொடுவதற்கு முன் மூன்று உறவினர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். சோயாவைத் தாக்கும் ஃபைட்டோப்தோரா சோஜேயின் மரபுத்தொகுதி 9.5 கோடி எழுத்து (எழுத்து என்பது டிஎன்ஏ தொடரின் ஓர் அலகு). மரபணுக்கள் சுமார் 19,000. ஓக் மரங்களைச் சாய்க்கும் ஃபைட்டோப்தோரா ரமோரமுக்கு 6.5 கோடி எழுத்து. மரபணுக்கள் சுமார் 15,700. நம் இன்ஃபெஸ்டன்ஸுக்கு 24 கோடி எழுத்து, மரபணுக்கள் 17,797.

அதாவது ரமோரத்தைப்போல மூன்றரை மடங்குக்கும் மேலான வீடு, ஆனால் குடியிருப்பவர்கள் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை. கூடுதல் இடத்தில் யார் இருக்கிறார்கள்? திரும்பத் திரும்ப வரும் தொடர்கள். இன்ஃபெஸ்டன்ஸ் மரபுத்தொகுதியில் 74 சதவீதம் அவைதான். அவற்றில் பெரும்பகுதி இடம் விட்டு இடம் தாவும் டிஎன்ஏ, அல்லது ஒரு காலத்தில் தாவி இப்போது செத்துக் கிடக்கும் அதன் எச்சம்.

இந்தத் தாவிகளை இரண்டு கூட்டமாக நினைவில் வைத்தால் போதும். ஒரு கூட்டம் நகல் எடுத்து ஒட்டும்: தன்னை ஆர்என்ஏவாகப் படியெடுத்து, அதை மீண்டும் டிஎன்ஏவாக்கி, வேறோர் இடத்தில் செருகும். பழைய பிரதி இருந்த இடத்திலேயே இருப்பதால், தாவும்போதெல்லாம் எண்ணிக்கை கூடும். இன்ஃபெஸ்டன்ஸை ஊத வைத்ததில் பெரும் பங்கு இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஜிப்சி என்ற குடும்பத்துக்கு. மற்றக் கூட்டம் பெரும்பாலும் வெட்டி ஒட்டும்: இருந்த இடத்தை விட்டுப் பெயர்ந்து வேறு இடத்தில் போய் உட்காரும். மக்காச்சோளத்தில் இப்படித் தாவும் டிஎன்ஏ உண்டு என்று பார்பரா மெக்லின்டாக் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1983இல் அதற்காகவே நோபல் பரிசு வந்தது. இரண்டிலும் சேராமல் உருளும் வட்ட முறையில் நகலெடுக்கும் ஹெலிட்ரான்களும் இந்தக் கிருமியில் உண்டு. இப்போதைக்குப் பெயர் தெரிந்தால் போதும்.

படி 2: கோப்புகளை இறக்கி, கண்ணால் பாருங்கள்

என்சிபிஐ, ஃபங்கிடிபி என்ற இணையத் தரவுத்தளங்களில் ஒன்றில் டி30-4 என்ற வகைமாதிரியைத் தேடுங்கள்; 2009இல் மரபுத்தொகுதி படிக்கப்பட்ட கிருமி வகை இதுதான். பெயரில் பூஞ்சை இருந்தாலும் ஃபங்கிடிபி ஊமைசீட்ஸ்களையும் வைத்திருக்கிறது. இரண்டு கோப்புகள் தேவை: எழுத்துத் தொடர் இருக்கும் ஃபாஸ்டா, மரபணு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லும் ஜிஎஃப்எஃப். இரண்டும் ஒரே பதிப்புதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை ஓர் இடத்திலும் மற்றதை வேறிடத்திலும் இறக்கினால், மரபுத்தொகுதி கோக்கப்பட்டிருக்கும் துண்டுகளின் பெயர்கள் பொருந்தாமல் போகலாம். புதிதாக வருகிறவர்களின் முதல் வாரம் பெரும்பாலும் இதிலேயே போய்விடும்.

அப்புறம் மரபுத்தொகுதியைப் படமாகக் காட்டும் ஐஜிவி மென்பொருளில் இரண்டையும் ஏற்றிச் சும்மா உலாவுங்கள். ஒரு மணி நேரமாவது. எந்தக் கணக்கும் போட வேண்டாம். சில இடங்களில் மரபணுக்கள் தீப்பெட்டி வீடுகள் போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் பொட்டல்காடு. பல்லாயிரம் எழுத்துகளுக்கு ஒன்றுமே இல்லை. நடுவில் ஒற்றையாக ஒரு சின்ன மரபணு. அந்த ஒற்றை மரபணுவின் பெயரைச் சொடுக்கிப் பாருங்கள். அது சுரக்கப்படும் புரதமாகவோ எஃபெக்டராகவோ இருப்பது உங்கள் கண்ணிலேயே மீண்டும் மீண்டும் படும்.

எஃபெக்டர் என்பது கிருமி செடிக்குள் செலுத்தும் புரதம். செடியின் எதிர்ப்பை அடக்கிவைப்பது அதன் வேலை. ஆனால் செடியிடம் அதை அடையாளம் காணும் எதிர்ப்பு மரபணு இருந்துவிட்டால் அதே புரதம் காட்டிக்கொடுத்துவிடும். உளவாளியின் சீருடை மாதிரி: தெரியாதவன் கண்ணுக்கு நுழைவுச்சீட்டு, தெரிந்தவன் கண்ணுக்குக் குற்றச்சாட்டு.

படி 3: இடைவெளியை அளவிடுங்கள்

இந்த வேலையின் இதயம் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பக்கமும் அண்டை வீடு எவ்வளவு தூரம் என்று கணக்கிட வேண்டும். ஜிஎஃப்எஃப் கோப்பில் ஒன்பது பத்திகள் இருக்கும். நமக்கு வேண்டியவை ஐந்து: முதல் பத்தி துண்டின் பெயர், மூன்றாவது வகை, நான்காவது தொடக்கம், ஐந்தாவது முடிவு, ஏழாவது இழையின் திசை. வகை 'மரபணு' என்று இருக்கும் வரிகளை மட்டும் எடுத்து, துண்டுவாரியாகவும் தொடக்க எண்வாரியாகவும் அடுக்குங்கள். பதினெட்டாயிரம் வரிக்கு எக்செல்லே தாங்கும். மரபுத்தொகுதி இடங்களைக் கணக்கிடும் பெட்டூல்ஸ் மென்பொருள் தெரிந்தால் அதில் செய்யலாம்.

கற்பனையாக மூன்று மரபணுக்களை வைத்துக்கொள்வோம். முதலாவது 1,200 முதல் 2,100 வரை, கூட்டல் இழை. இரண்டாவது 2,650 முதல் 3,900 வரை, கழித்தல் இழை. மூன்றாவது 12,400 முதல் 12,843 வரை, கூட்டல் இழை. முதலுக்கும் இரண்டுக்கும் நடுவே 549 எழுத்து. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே 8,499 எழுத்து. இதுவரை சரி.

இப்போது கேள்வி: இரண்டாவது மரபணுவின் முன்பக்க இடைவெளி எவ்வளவு? இடப்பக்கம் இருப்பதால் 549 என்று சொல்லத் தோன்றும். தவறு. அந்த மரபணு கழித்தல் இழையில் இருக்கிறது. அதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அதன் முன்பக்கம் வலப்புறம்தான், ஆகவே 8,499. பின்பக்கம் 549. ஏழாவது பத்தியைக் கவனிக்காமல் போனால் மரபணுக்களில் பாதிக்கு முன்னும் பின்னும் மாறிப்போகும். வரைபடம் சமச்சீராக அழகாக வரும், ஆனால் அர்த்தம் இருக்காது.

இன்னொரு பள்ளம் துண்டின் ஓரம். 2009 பதிப்பில் 24 கோடியில் சுமார் 22.9 கோடி எழுத்துதான் கோக்கப்பட்டது, அதுவும் 4,921 துண்டுகளாக. ஓரத்து மரபணுவுக்கு ஒரு பக்கம் அண்டை வீடு இல்லை. அங்கே பூஜ்யம் போடாதீர்கள், காலியாக விடுங்கள். துண்டு பெரும்பாலும் எங்கே முறிகிறது? ஒரே மாதிரித் தொடர்கள் குவிந்த இடத்தில், கோக்கும் மென்பொருள் குழம்பிப்போய்தான். எஃபெக்டர்கள் வாழ்வதும் அதே பேட்டையில். ஓரத்து மரபணுக்களை மொத்தமாகத் தள்ளிவிட்டால் நீங்கள் தேடிவந்த ஆட்களையே அதிகமாகத் தள்ளுகிறீர்கள். தள்ளினால் எத்தனை தள்ளினோம் என்று எழுதி வையுங்கள். நீளமாகப் படிக்கும் புதிய கருவிகளில் உருவான பதிப்பு கிடைத்தால் அதில் ஒருமுறை திருப்பிச் செய்வது இன்னும் நல்லது.

மரபணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் இடைவெளி கழித்தல் எண்ணாக வரும். அதைப் பூஜ்யமாக்கிவிட்டு நகருங்கள்.

படி 4: வரைபடம்

கிடை அச்சில் முன்பக்க இடைவெளி, நிலை அச்சில் பின்பக்க இடைவெளி. இரண்டும் மடக்கை அளவில். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை மரபணு விழுகிறது என்பதை நிறத்தால் காட்டுங்கள். எல்லா மரபணுவையும் ஒருமுறை, எஃபெக்டர்களை மட்டும் ஒருமுறை வரையுங்கள்.

மூன்று இனங்களுக்கும் பொதுவான அன்றாட வேலைக்கார மரபணுக்கள், அதாவது உயிரணுவை ஓட்டிச் செல்கிறவை, இடப்பக்கக் கீழ்மூலையில் அப்பிக்கொண்டிருக்கும். இனங்களுக்கு இடையே வரிசை மாறாமல் நிற்கும் வட்டாரங்களில் இடைவெளியின் நடுமதிப்பு சுமார் 600 எழுத்து. அவற்றுக்கு வெளியே இருப்பவற்றில் அது சுமார் 3,700. எஃபெக்டர்கள் வலப்பக்க மேல்மூலைக்கு ஏறிப் பரவும். இரண்டு பக்கமும் 1,500 எழுத்துக்கு மேல் இருந்தால் மரபணு அரிதான வட்டாரம், இரண்டும் அதற்குக் கீழ் என்றால் அடர்ந்த வட்டாரம் என்று இந்தக் கிருமியில் ஓர் எல்லை பழக்கத்தில் உண்டு. வேறு கிருமிக்கு அதே 1,500ஐ எடுத்துக்கொண்டு போகாதீர்கள். உங்கள் தரவின் பரவலைப் பார்த்து எல்லை போடுங்கள்.

இதைத்தான் 'இரு வேக மரபுத்தொகுதி' என்கிறார்கள். அடர்ந்த வட்டாரம் மெதுவாக மாறும், அரிதான வட்டாரம் வேகமாக மாறும். அழகான பெயர், அதனாலேயே எச்சரிக்கை வேண்டும். படம் பார்த்தவுடன் நம்பிவிடாதீர்கள். 17,797இலிருந்து 563 மரபணுக்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஆயிரம் முறை எடுத்து, ஒவ்வொரு முறையும் நடுமதிப்பு இடைவெளியைக் கணக்கிடுங்கள். உண்மையான எஃபெக்டர் கூட்டத்தின் நடுமதிப்பு அந்த ஆயிரத்துக்கும் வெளியே நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் பேசலாம். 563 என்ற எண் எங்கிருந்து வந்தது என்றால், இந்தக் கிருமியில் கணிக்கப்பட்ட ஆர்-எக்ஸ்-எல்-ஆர் வகை எஃபெக்டர்களின் எண்ணிக்கை அதுதான். சோஜேயிலும் ரமோரத்திலும் முந்நூற்றுச் சொச்சமே.

படி 5: எஃபெக்டர்களைச் சலித்தெடுங்கள்

ஆர்-எக்ஸ்-எல்-ஆர் என்றால் அர்ஜினின், ஏதோ ஒன்று, லூசின், அர்ஜினின். புரதத்தின் தலைப்பகுதியில் முதலில் சுரப்புக் குறி (புரதத்தை உயிரணுவுக்கு வெளியே அனுப்பச் சொல்லும் பகுதி), அதற்குப் பின் இந்த நான்கெழுத்து, பெரும்பாலும் சற்றுத் தள்ளி 'ஈஈஆர்' என்ற இன்னொரு குறி. ஏவிஆர்3ஏ என்ற புகழ்பெற்ற எஃபெக்டரை எடுத்துப் பாருங்கள். மொத்தமே 147 அமினோ அமிலம். முதல் 21 சுரப்புக் குறி; 44ஆம் இடத்தில் ஆர்-எல்-எல்-ஆர். 147ஐ மூன்றால் பெருக்கி, நிறுத்தக் குறிக்கு மூன்று கூட்டினால் 444 எழுத்து. மேலே கற்பனையாகச் சொன்ன மூன்றாவது மரபணுவின் நீளம் அதுதான், வேண்டுமென்றேதான் வைத்தேன்.

நான்கெழுத்தை மட்டும் தேடினால் ஏமாந்துபோவீர்கள். ஒரு சின்னக் கணக்கு: இருபது அமினோ அமிலங்களும் சமமாக வருகின்றன என்று வைத்தால், குறிப்பிட்ட மூன்று எழுத்து தற்செயலாக அமைய எட்டாயிரத்தில் ஒரு வாய்ப்பு. பதினெட்டாயிரம் புரதம், ஒவ்வொன்றிலும் முப்பது இடம் தேடினால் 67 போலிகள் சும்மாவே வரும். உண்மையில் லூசின் சராசரியை விட அதிகமாக வரும் என்பதால் போலிகள் இன்னும் கூடும். ஆகவே முதலில் சிக்னல்பி என்ற கணிப்பு மென்பொருளில் சுரப்புக் குறி இருப்பவற்றைப் பிரியுங்கள், பிறகு நான்கெழுத்தைத் தேடுங்கள். வரிசை மாறக்கூடாது.

இந்தக் கிருமியில் கிரிங்க்ளர் என்ற இன்னொரு எஃபெக்டர் குடும்பமும் உண்டு. சுமார் இருநூறு உறுப்பினர்கள். முதல் சுற்றில் அதைத் தொட வேண்டாம்.

படி 6: தாவிகளைக் கணக்கெடுங்கள், ஆனால் மறைக்கும்போது கவனம்

ரிபீட்மாடலர் மரபுத்தொகுதியைத் துழாவி, திரும்பத் திரும்ப வரும் தொடர்களின் நூலகம் ஒன்றைத் தயாரிக்கும். ரிபீட்மாஸ்கர் அந்த நூலகத்தை வைத்துக்கொண்டு அவை எங்கெங்கே இருக்கின்றன என்று குறிக்கும். மறைப்பதற்கு இரண்டு வழி. மென்மறைப்பில் எழுத்துகள் சிறிய எழுத்தாக மாறும், தகவல் போகாது. வன்மறைப்பில் எல்லாம் 'என்' ஆகிவிடும், திரும்பி வராது.

நான் சொன்ன கதை இங்கேதான். ரிபீட்மாடலருக்குத் தாவி எது, பெருகிப்போன மரபணுக் குடும்பம் எது என்று தெரியாது. பல பிரதிகள் இருந்தால் அதன் கண்ணுக்கு எல்லாமே ஒன்று. எஃபெக்டர் குடும்பங்களும் நூலகத்துக்குள் போய்விட்டன. நான் வன்மறைப்புப் போட்டு, அதன் மேல் மரபணுக் கணிப்பை ஓட்டினேன். வந்த பட்டியல் சுத்தமாக இருந்தது. ரொம்பச் சுத்தமாக இருந்தது. வெளியான பட்டியலோடு ஒப்பிட்டபோதுதான், எஃபெக்டர்களில் பெரும் ஓட்டை விழுந்திருப்பது தெரிந்தது.

அதனால் நூலகத்தைப் பயன்படுத்தும் முன், அதிலுள்ள ஒவ்வொரு தொடரையும் தெரிந்த எஃபெக்டர் புரதங்களோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகிறவற்றை வெளியே எடுங்கள். எப்போதும் மென்மறைப்பே போடுங்கள். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: தாவிகள் தங்களுக்கென்றே வைத்திருக்கும் இன்டிக்ரேஸ், பின்னோக்கிப் படியெடுக்கும் நொதி ஆகியவற்றின் மரபணுக்கள் கிருமியின் மரபணுப் பட்டியலில் நுழைந்துவிடும். அவை பொட்டல்காட்டின் நடுவே உட்கார்ந்து, மூன்றாம் படியில் நீங்கள் அளந்த இடைவெளியைக் குறைத்துக் காட்டும். அவற்றை நீக்கிவிட்டு மூன்றாம் படியை மறுபடி ஓட்டுங்கள். ஆமாம், மறுபடி.

தாவியின் வயதைக் கணிப்பதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. ஜிப்சி போன்ற தாவிகளின் இரண்டு முனையிலும் ஒரே மாதிரியான நீள்முனைத் தொடர் இருக்கும். செருகிய நாளன்று இரண்டும் அச்சு அசலாக ஒன்று. அதன் பிறகு ஒவ்வொன்றும் தன் போக்கில் பிழை சேர்க்கும். 300 எழுத்து முனைகளில் மூன்று எழுத்து வேறுபட்டால் ஒரு சதவீத விலகல். விலகல் குறைவு என்றால் அண்மையில் தாவியது. கூட என்றால் பழையது. எல்டிஆர்ஹார்வெஸ்ட் இந்த ஜோடிகளைத் தேடித் தரும். விலகலை ஆண்டுக்கணக்காக மாற்ற, எழுத்துப் பிழை சேரும் வேகம் தெரிய வேண்டும். நல்ல அளவீடு கையில் இல்லாவிட்டால் ஆண்டு சொல்லாதீர்கள். எது இளையது, எது மூத்தது என்பதே போதும்.

படி 7: 'அருகில்' என்பதிலிருந்து 'அதனால்' என்பதற்குத் தாவாதீர்கள்

எஃபெக்டர் பக்கத்தில் தாவி இருக்கிறது. சரி. தாவிதான் எஃபெக்டரை மாற்றியதா? அது தனிக் கேள்வி. ஒரே மாதிரியான இரண்டு தாவிப் பிரதிகள் தவறாக ஜோடி சேர்ந்து, நடுவில் இருக்கும் மரபணு தொலைந்துபோகலாம், இரட்டிக்கவும் செய்யலாம். தாவி, எஃபெக்டர் மரபணுவின் தொடக்கச் சுவிட்சுக்குள் செருகி அதை ஊமையாக்கலாம். அல்லது, பொட்டல்காட்டில் எது உடைந்தாலும் கிருமி செத்துப்போகாது என்பதாலேயே அங்கே தாவிகள் குவிந்திருக்கலாம். மூன்றாவது விளக்கத்தில் தாவிக்கு எந்தச் செயலும் இல்லை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க ஒரேயொரு வகைமாதிரி போதாது. வேறு வகைமாதிரிகளும் உறவினர்களும் வேண்டும்.

உறவினர்கள் விஷயத்தில் இன்ஃபெஸ்டன்ஸுக்கு அதிர்ஷ்டம். மெக்சிகோவில் இதன் உடன்பிறப்புகள் வாழ்கின்றன. அதில் ஒன்றான ஃபைட்டோப்தோரா மிராபிலிஸ் தாக்குவது அந்திமந்தாரையை; ஆம், நம் வீட்டு வாசலில் சாயங்காலம் பூக்கும் அதே செடி. 2010இல் இந்தச் சகோதர இனங்களின் மரபுத்தொகுதிகளை ஒப்பிட்டபோது, வேகமாக மாறியவையும் செடிக்குள் நுழைந்ததும் விழித்துக்கொள்பவையும் அரிதான வட்டாரத்தில் கூடுதலாக இருந்தன. 2014இல் இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார்கள். எபிக்1 என்ற எஃபெக்டர் உருளைக்கிழங்கின் புரதம் அறுக்கும் நொதி ஒன்றை அடக்கும். மிராபிலிஸிடம் உள்ள அதன் இணை அந்திமந்தாரையின் நொதியை அடக்கும். எந்த நொதியை அடக்கும் என்பது ஒரே ஓர் அமினோ அமில வேறுபாட்டைப் பொறுத்தது என்று காட்டினார்கள்.

படி 8: உங்கள் வயல் மாதிரியில் பாருங்கள்

இப்போதுதான் சொந்தக் கேள்விக்கு வருகிறோம். எதிர்ப்பு ரகம் ஒன்று திடீரெனக் கருகுகிறது. கிருமியில் என்ன மாறியது? தப்பிக்கும் வழிகள் பல. ஏவிஆர்3ஏயில் புரதத்தின் 80ஆம், 103ஆம் இடங்களில் இரண்டே அமினோ அமிலம் மாறினால் போதும், ஆர்3ஏ எதிர்ப்பு மரபணு அதை அடையாளம் காணாமல் விட்டுவிடும். ஏவிஆர்4 என்ற இன்னொரு எஃபெக்டரில் வாசிப்பு வரிசை நழுவி, புரதம் பாதியில் முறிந்துபோகிறது. ஏவிஆர்1 தப்பித்த வகைகளில் காணாமலே போயிருக்கிறது. ஏவிஆர்விஎன்டி1 சிலவற்றில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் பேசுவதில்லை. கடைசி வகையை டிஎன்ஏவை மட்டும் படித்தால் பிடிக்க முடியாது. தொற்று நடக்கும் இலையிலிருந்து ஆர்என்ஏ எடுத்தே பார்க்க வேண்டும், அதுவும் தொற்றின் முதல் இரண்டு மூன்று நாட்களில், இலை பச்சையாக இருக்கும்போதே.

மரபணு காணவில்லை என்று சொல்வதற்கு முன் இரண்டு சோதனை. முதலாவது, வாசிப்புகளின் (கருவி படித்துத் தரும் டிஎன்ஏ துணுக்குகளின்) அடர்த்தி: அந்த இடத்தில் பூஜ்யம், இரு பக்கத்து அண்டை மரபணுக்களிலும் வழக்கமான அடர்த்தி என்றால்தான் அது இழப்பு. அண்டையிலும் அடர்த்தி சரிந்தால் உங்கள் மாதிரியே மோசம். தாவிகளுக்குள் விழும் வாசிப்புகள் நூறு இடத்தில் பொருந்தும் என்பதால், ஒரே இடத்தில் பொருந்துகிறவற்றை மட்டும் எண்ணுங்கள். ஆனால் அப்படி எண்ணும்போது, ஒன்றையொன்று அப்படியே ஒத்த எஃபெக்டர் பிரதிகளிலும் அடர்த்தி பூஜ்யமாகத் தெரியும். இருப்பது இல்லாததாகத் தோன்றும். அந்த மரபணுக்களுக்கு மட்டும் வடிகட்டியைத் தளர்த்தி மறுபடி பாருங்கள்.

இரண்டாவது, பிசிஆர், அதாவது டிஎன்ஏவின் ஒரு பகுதியை மட்டும் பெருக்கிப் பார்ப்பது. எங்கே பெருக்க வேண்டும் என்று காட்டும் சிறு டிஎன்ஏ துணுக்குதான் பிரைமர். மரபணுவுக்குள் ஒரு ஜோடி பிரைமர், அண்டை மரபணுவில் ஒரு ஜோடி. அண்டைக் கீற்று ஜெல்லில் வர வேண்டும், உள்ளே வைத்தது வரக்கூடாது. பக்கத்துக் குழியில் டி30-4 டிஎன்ஏவை வைத்து இரண்டும் வருகிறதா என்று பாருங்கள். பிரைமர் வடிவமைக்கும்போது தாவித் தொடருக்குள் கால் வைக்காதீர்கள். வைத்தால் ஒரு கீற்றுக்குப் பதில் ஜெல் முழுக்கத் தேய்த்தது போல ஒரு வெளிச்சம்தான் கிடைக்கும்.